சேமித்தவுடன் சிமேக் ஓடணுமா? எடிட்டருக்குள் பிராஜெக்ட் ஜெனரேஷன்

புதுக்கிளை · 3 மார்ச் 2025, காலை 10:12

சி++ பிராஜெக்ட், 400 சொச்சம் ஃபைல். லினக்ஸ், விண்டோஸ் ரெண்டிலும் பில்டு ஆகணும். இப்போதைக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கு: பில்டு ஃபோல்டரை அழிக்கும், சிமேக்கை (பில்டு விதிகளை எழுதிக் கொடுக்கும் கருவி) ஓட்டும், எடிட்டருக்கான பிராஜெக்ட் ஃபைலை உண்டாக்கும். புது சிபிபி ஃபைல் ஒன்று சேர்த்தால் டெர்மினலுக்குப் போய் ஸ்கிரிப்டை ஓட்டி, நாலு நிமிடம் காத்திருந்து, எடிட்டரை மூடித் திறக்கணும். என் கட்சி: ஜெனரேஷன் எடிட்டர் கையில்தான் இருக்கணும். சிமேக்லிஸ்ட்ஸை (சிமேக் படிக்கும் பிராஜெக்ட் விவர ஃபைல்) சேமித்தவுடன் மிச்சத்தை எடிட்டரே பார்த்துக்கணும். விஎஸ் கோடில் இதற்கு டாஸ்க் எழுதலாமா, பிளக்கின் இருக்கா?

பழைய_மேக்ஃபைல் · 3 மார்ச், 10:31

முதலில் அந்த அழிக்கும் வரியை எடுங்க. நாலு நிமிடமும் அதில்தான் போகுது. கம்பைலர் சோதனை, ஃபைண்ட்_பேக்கேஜ் தேடிக் கண்டுபிடித்தது, ஃபெட்ச்கன்டென்ட் வெளியிலிருந்து இறக்கி வைத்த லைப்ரரி, கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் எல்லாம் ஒரே அடியில் காலி. அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.

ரெண்டாவது, ஜெனரேஷனை யாரும் கையால் தூண்டவே வேண்டாம். சிமேக் எழுதும் பில்டு.நிஞ்ஜாவில் (நிஞ்ஜா என்ற பில்டு கருவி படிக்கும் விதி ஃபைல்), அந்த ஃபைலையே திரும்ப உண்டாக்கும் விதியும் சேர்ந்தே இருக்கும். எல்லா சிமேக்லிஸ்ட்ஸும், இன்க்ளூட் ஆகும் மற்ற சிமேக் ஃபைல்களும் அதன் டிபென்டென்சி. 'சிமேக் --பில்டு பில்டு' என்றதும், பில்டு.நிஞ்ஜா பழசாகிவிட்டதா என்பதைத்தான் நிஞ்ஜா முதலில் பார்க்கும். பழசென்றால் தானே சிமேக்கை ஓட்டும், புதுசைத் திரும்பப் படிக்கும், பிறகுதான் கம்பைல். மேக்ஃபைலிலும் இதே கதை. விஷுவல் ஸ்டூடியோவில் இதற்கென்றே ஜீரோ_செக் என்று தனி டார்கெட் இருக்கும்.

ஆக எடிட்டருக்குத் தெரிய வேண்டிய கட்டளை ஒன்றுதான்: பில்டு.

பழைய_மேக்ஃபைல் · 3 மார்ச், 10:38

கேட்டதற்கு நேர் பதிலும் சொல்லிவிடுகிறேன். சிமேக் டூல்ஸ் எக்ஸ்டென்ஷனில் 'கன்ஃபிகர்ஆன்எடிட்' என்று ஒரு செட்டிங் இருக்கு, அது முன்னிருப்பாகவே ஆன். அதாவது நீங்க கேட்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கணும். நான் அதை ஆஃப் பண்ணச் சொல்வேன். காரணம் மதியம் எழுதுகிறேன்.

விம்_பக்கம் · 3 மார்ச், 10:50

கட்டளையெல்லாம் தமிழெழுத்தில் இருக்கு. அப்படியே டெர்மினலில் ஒட்டிவிட்டு 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வருதுன்னு யாரும் திரும்ப வராதீங்க.

பழைய_மேக்ஃபைல் · 3 மார்ச், மதியம் 1:20

சேமித்தவுடன் கன்ஃபிகர் (சிமேக் சிமேக்லிஸ்ட்ஸைப் படிக்கும் கட்டம்) ஏன் தொல்லை என்றால்:

சிமேக்லிஸ்ட்ஸை யாரும் ஒரே சேவில் எழுதி முடிப்பதில்லை. பாதியில் சேமிக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அடைப்புக்குறி மூடாத நிலையில் சிமேக் ஓடும், 'கன்ஃபிகரிங் இன்கம்ப்ளீட்' என்று நிற்கும். பில்டு ஃபைல்களை எழுதும் ஜெனரேட் கட்டத்துக்கே போகாததால் பழைய பில்டு.நிஞ்ஜா அப்படியே கிடக்கும். சேதமில்லை, ஆனால் அரைகுறை சேவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் பெட்டி மேலே வந்து நிற்கும்.

அதைவிட மோசம், எழுத்துப் பிழை செல்லுபடியாகும்போதுதான். ஆப்ஷன் பெயரைப் பாதி தட்டிச் சேமித்தால், அந்தப் பாதிப் பெயரோடு கேஷில் (சிமேக் தன் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் ஃபைல்) ஓர் உள்ளீடு உட்கார்ந்துவிடும். பிறகு சிமேக்லிஸ்ட்ஸில் திருத்தினாலும் கேஷிலிருந்து அது தானாகப் போகாது. முன்னிருப்பு மதிப்பை மாற்றும்போதும் இதே வம்பு: ஆஃப் என்பதை ஆன் ஆக்கிச் சேமித்தாலும் கேஷில் பழைய ஆஃப்தான் இருக்கும், நீங்க மாற்றியது கண்டுகொள்ளப்படாது.

மூன்றாவது, டெர்மினலில் பில்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடிட்டர் அதே ஃபோல்டரில் கன்ஃபிகரைக் கிளப்புவது. நிஞ்ஜா பில்டு ஃபோல்டருக்குப் பூட்டுப் போடாது. ஒருவர் பில்டு செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் பில்டு.நிஞ்ஜாவைத் திரும்ப எழுதுவார், .நிஞ்ஜா_லாக் (எதை எப்போது பில்டு செய்தது என்ற பதிவு) குழம்பலாம். விளைவு உடனே தெரியாது. அடுத்த பில்டில் காரணமே இல்லாமல் 200 ஃபைல் திரும்ப கம்பைல் ஆகும். ஏன் என்று பார்க்க 'நிஞ்ஜா -டி எக்ஸ்ப்ளெய்ன்'. எந்த அவுட்புட், எந்த இன்புட்டைவிடப் பழசு என்று வரிவரியாகச் சொல்லும்.

ஃபெட்ச்கன்டென்ட் இருந்தால் இன்னொன்று: ஒவ்வொரு கன்ஃபிகரும் நெட்வொர்க்கைத் தொடலாம். ஒருமுறை இறக்கிய பிறகு ஃபெட்ச்கன்டென்ட்_அப்டேட்ஸ்_டிஸ்கனெக்டட்-ஐ ஆன் வையுங்க.

புதுக்கிளை · 3 மார்ச், 2:05

அழிக்கும் வரியை எடுத்தேன். சிமேக்லிஸ்ட்ஸில் ஒரு வரி மாற்றி பில்டு கொடுத்தால் சில விநாடிதான். சரி, அது நீங்க சொன்னபடி. ஆனா எடிட்டர் இன்னும் ஹெடரைக் காணோம்னு சிவப்புக் கோடு போடுது. பில்டு மட்டும் ஒழுங்கா ஆகுது. ஜெனரேஷன் எடிட்டர்கிட்ட இல்லாததால்தானே இது?

பழைய_மேக்ஃபைல் · 3 மார்ச், 3:40

இல்லை. எடிட்டருக்கு பிராஜெக்ட் ஃபைலே வேண்டாம். மூன்று தகவல் வேணும், மூன்றும் வேறுவேறு வழியில் வரும்.

ஒன்று: எந்த ஃபைலை எந்த ஃபிளாகோடு கம்பைல் செய்வது. இதற்கு கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்.
இரண்டு: என்னென்ன டார்கெட், எது எங்கே எக்ஸிகியூட்டபிளாக விழுகிறது. டீபக்கருக்கும் டார்கெட் பட்டியலுக்கும் இது. சிமேக்கின் ஃபைல் ஏபிஐ (ஃபைல் வழியே கேட்டு, ஃபைல் வழியே பதில் வாங்கும் வசதி).
மூன்று: எரர் வரியைச் சொடுக்கினால் சரியான ஃபைலுக்குப் போவது. இது வெறும் ரெஜெக்ஸ்.

உங்கள் சிவப்புக் கோடு முதல் வகை. சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ் மாறியை ஆன் கொடுத்துக் கன்ஃபிகர் செய்தால் பில்டு ஃபோல்டரில் அந்த ஜேசன் விழும். திறந்து பாருங்க, பயப்பட ஒன்றுமில்லை. ஃபைல் ஒன்றுக்கு ஓர் உள்ளீடு. 'டைரக்டரி' கம்பைலர் எங்கே நின்று ஓடும், 'கமாண்ட்' முழுக் கட்டளை வரி, 'ஃபைல்' மூல ஃபைலின் பாதை. கிளாங்டி (எடிட்டருக்குப் பின்னால் ஓடி, கோடைப் படித்துப் பிழை காட்டும் நிரல்) அந்தக் கட்டளையை வாங்கி, தானே கம்பைலர் மாதிரி அந்த ஃபைலைப் படிக்கும். ஹெடரைக் காணோம் என்றால், அந்தக் கமாண்ட் வரியில் அதற்கான '-ஐ' ஃபிளாக் (ஹெடரை எந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்வது) இருக்கா என்று தேடுங்க. பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

ஹெடர் ஃபைல்களுக்கு அதில் உள்ளீடு இருக்காது. பெயர் ஒத்துப்போகும் சிபிபி-யின் ஃபிளாகை கிளாங்டி கடன் வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் சரியாக வரும். ஒரே பெயரில் ரெண்டு ஃபோல்டரில் ஃபைல் இருந்தால் தப்பாகக் கடன் வாங்கவும் செய்யும்.

அந்த ஜேசனை மூல ஃபோல்டருக்குக் கொண்டுவர, சிமேக்லிஸ்ட்ஸின் கடைசியில் ஒரு ஃபைல்(காப்பி) வரி போட்டால் போதும்.

விண்டோஸ்_பக்கம் · 3 மார்ச், 5:15

விண்டோஸில் இவர் விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டரை (சிமேக் எந்த வகை பில்டு ஃபைல் எழுதணும் என்ற தேர்வு) வைத்திருந்தால் அந்த ஜேசன் வரவே வராது. மேக்ஃபைல், நிஞ்ஜா குடும்பத்துக்கு மட்டும்தான் அது. மற்ற ஜெனரேட்டர்கள் மாறியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும், எச்சரிக்கைகூட இல்லை. எக்ஸ்கோடும் அப்படியே.

பழைய_மேக்ஃபைல் · 4 மார்ச் 2025, காலை 8:55

நேற்று 3:40-ல் நான் சொன்ன ஃபைல்(காப்பி) யோசனை தப்பு. சிமேக்லிஸ்ட்ஸ் ஓடுவது கன்ஃபிகர் கட்டத்தில். ஜேசன் எழுதப்படுவது அதற்குப் பிறகான ஜெனரேட் கட்டத்தில். புது பில்டு ஃபோல்டரில் காப்பி செய்ய ஃபைலே இருக்காது, எரர் வரும், ஜெனரேட் கட்டத்துக்கே போகாததால் ஜேசனும் பிறக்காது. ஜேசன் ஏற்கெனவே உள்ள ஃபோல்டரில் ஓடும், ஆனால் எப்போதும் ஒரு தலைமுறை பழசு. புது ஃபைல் சேர்த்தால் அடுத்த கன்ஃபிகரில்தான் எடிட்டருக்குத் தெரியும். நேற்றைய யோசனையைச் செய்துவிட்டவர்கள் எடுத்துவிடுங்க.

சிம்லிங்க் என்றால் இந்தச் சிக்கலில்லை, இலக்கு இன்னும் பிறக்காவிட்டாலும் லிங்க் போட்டு வைக்கலாம். விண்டோஸில் சிம்லிங்க் போட டெவலப்பர் மோட் அல்லது அட்மின் உரிமை வேணும்.

பழைய_மேக்ஃபைல் · 4 மார்ச், 9:10

மேலே எழுதியதற்கும் ஒரு திருத்தம். சிம்லிங்கே தேவையில்லை. கிளாங்டி திறந்த ஃபைலிலிருந்து மேலே மேலே ஏறித் தேடும். ஒவ்வொரு படியிலும் அந்த ஃபோல்டரையும், அதற்குள் 'பில்டு' என்று பெயருள்ள ஃபோல்டரையும் பார்க்கும். ஃபோல்டர் பெயர் சரியாக 'பில்டு' என்றால் வேலை முடிந்தது. 'பில்டு/டீபக்', 'பில்டு/ரிலீஸ்' என்று உள்ளே போனால் கண்டுபிடிக்காது. அப்போது மூல ஃபோல்டரில் '.கிளாங்டி' ஃபைல் வைத்து, 'கம்பைல்ஃபிளாக்ஸ்' என்பதன் கீழ் 'கம்பைலேஷன்டேட்டாபேஸ்' என்ற சாவிக்கு 'பில்டு/டீபக்' என்று கொடுங்க. சார்புப் பாதை என்றால் அந்த .கிளாங்டி இருக்கும் இடத்திலிருந்து கணக்கு.

எக்ஸ்டென்ஷன் வழி வேணும் என்றால் சிமேக் டூல்ஸில் 'காப்பிகம்பைல்கமாண்ட்ஸ்' செட்டிங். கன்ஃபிகர் முடிந்த பிறகு காப்பி செய்யும், அதனால் பழசாகாது.

மைக்ரோசாஃப்டின் சி++ எக்ஸ்டென்ஷனும் கிளாங்டியும் ஒன்றாக ஓடினால் ஒரே பிழை இரண்டு தடவை வரும். கிளாங்டி வைத்திருந்தால் அதன் இன்டெலிசென்ஸ்என்ஜின் செட்டிங்கை 'டிசேபிள்ட்' ஆக்குங்க.

விம்_பக்கம் · 4 மார்ச், 9:45

விம்மில், :மேக் எதை ஓட்டணும் என்று சொல்லும் மேக்ப்ரோகை 'சிமேக் --பில்டு பில்டு' ஆக வையுங்க. செட் கட்டளையில் நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ். அதை மறந்தால் விம் 'அன்நோன் ஆப்ஷன்' என்று கடிக்கும். பிறகு :மேக், :கோபன், :சிநெக்ஸ்ட், அவ்வளவுதான். பிளக்கின் எதுவும் வேண்டாம். நிஞ்ஜா வெளியீட்டில் கலரே வரலை என்றால் எஃப்டயக்னாஸ்டிக்ஸ்-கலர்=ஆல்வேஸ் ஃபிளாக் சேர்த்துக்கங்க. நிஞ்ஜா ஒவ்வொரு கம்பைலரின் வெளியீட்டையும் பைப் வழியே வாங்குது, அதனால் கம்பைலர் தான் டெர்மினலில் இல்லைன்னு நினைச்சு கலரை நிறுத்திடும்.

பழைய_மேக்ஃபைல் · 4 மார்ச், 10:20

பாஸ், அந்தக் கலர் ஃபிளாகை :மேக்கோடு சேர்த்தால் குவிக்ஃபிக்ஸ் (விம்மின் எரர் பட்டியல்) நாறிவிடும். ஃபைல் பெயருக்கு முன்னால் கலருக்கான எஸ்கேப் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும், எரர் வரியைப் பிரிக்கும் எரர்ஃபார்மட் பொருந்தாது, சிநெக்ஸ்ட் எங்கோ ஒரு வெற்று பஃபரைத் திறக்கும்.

விம்_பக்கம் · 4 மார்ச், 10:58

பாதி சரி. யூனிக்ஸ் மேக்ஃபைலில் நீங்க சொல்ற மாதிரியேதான். நிஞ்ஜாவில் அப்படி ஆகாது: தன் வெளியீடு டெர்மினல் இல்லைன்னா நிஞ்ஜாவே எஸ்கேப் எழுத்துகளை உரிச்சிடும். க்ளிகலர்_ஃபோர்ஸ் சூழல் மாறியை யாராவது ஷெல் தொடக்க ஃபைலில் வைத்திருந்தால் மட்டும் உரிக்காது. சிமேக் 3.24-லிருந்து சிமேக்_கலர்_டயக்னாஸ்டிக்ஸ் என்று மாறியே இருக்கு, கையால் ஃபிளாக் சேர்க்க வேண்டாம்.

பழைய_மேக்ஃபைல் · 4 மார்ச், 11:02

ஒத்துக்கொள்கிறேன்.

விம்_பக்கம் · 4 மார்ச், 11:30

எரர் சொடுக்கினால் தப்பான ஃபைல் திறப்பது பற்றி. சிமேக், நிஞ்ஜா ஜோடியில் மூல ஃபைலின் முழுப் பாதையும் கட்டளையில் இருக்கும், அதனால் தொல்லையில்லை. மெசான் என்ற இன்னொரு பில்டு கருவியில் சார்புப் பாதைதான்: பில்டு ஃபோல்டரிலிருந்து பார்த்தால் புள்ளி-புள்ளி, எஸ்ஆர்சி, ஃபைல். எடிட்டர் மூல ஃபோல்டரில் நின்று அதைத் தேடினால் ஒரு படி வெளியே போய்விடும். நிஞ்ஜாவை '-சி பில்டு' கொடுத்து ஓட்டினால் 'என்டரிங் டைரக்டரி' என்று முதல் வரி அச்சிடும். விம்மின் முன்னிருப்பு எரர்ஃபார்மட் அந்த வரியைப் புரிந்துகொள்ளும். பில்டு ஃபோல்டருக்குள் சிடி போட்டு ஓட்டினால் அந்த வரி வராது, பாதை தப்பும். விஎஸ் கோடில் பிராப்ளம்மேட்சரின் ஃபைல்லொகேஷனை 'ரிலேடிவ்' ஆக்கி பில்டு ஃபோல்டரைக் காட்டணும்.

புதுக்கிளை · 4 மார்ச், மாலை 6:10

அண்ணே, லினக்ஸில் கோடெல்லாம் போச்சு. ஆனா ஒண்ணு புரியலை. டெர்மினலிலிருந்து எடிட்டரைத் திறந்தால் கிளாங் பிடிக்குது, மெனுவில் ஐகானைச் சொடுக்கித் திறந்தால் ஜிசிசி பிடிக்குது. ஒரே பிராஜெக்ட்தான்.

பழைய_மேக்ஃபைல் · 4 மார்ச், 7:25

உங்கள் ஷெல் தொடக்க ஃபைலில் சிசி, சிஎக்ஸ்எக்ஸ் சூழல் மாறிகள் இருக்கும். மெனுவிலிருந்து திறக்கும் செயலி பொதுவாக அந்த ஃபைலைப் படிப்பதில்லை. மேக்ஓஎஸ்ஸிலும் பாத் மாறிக்கு இதே வம்பு வரும்.

கவனிக்க வேண்டியது: சிமேக் இந்த மாறிகளைப் பார்ப்பது அந்த பில்டு ஃபோல்டரில் நடக்கும் முதல் கன்ஃபிகரில் மட்டும். பிறகு சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_கம்பைலர் என்று கேஷில் உட்கார்ந்துவிடும், சூழல் மாறியை மாற்றினாலும் அசையாது. யார் முதலில் கன்ஃபிகர் செய்தாரோ அவர் வைத்ததே சட்டம். உங்களுக்கு மாறி மாறி வருகிறது என்றால் அழிக்கும் வரி இன்னும் எங்கோ உயிரோடு இருக்கு என்று அர்த்தம், தேடிப் பாருங்க.

சரியான வழி பிரீசெட் (கன்ஃபிகர் தேர்வுகளைப் பெயரிட்டுச் சேமித்து வைப்பது). சிமேக்பிரீசெட்ஸ்.ஜேசன் 3.19-ல் வந்தது, பில்டு பிரீசெட் 3.20-ல். 3.21 கையிலிருந்தால் பதிப்பு எண் 3 போடுங்க. கன்ஃபிகர்பிரீசெட்ஸ் கீழ் ஒரே ஒரு உள்ளீடு: பெயர் 'டெவ்', ஜெனரேட்டர் 'நிஞ்ஜா', பைனரிடைர் சோர்ஸ்டைர் மேக்ரோவுக்குக் கீழே 'பில்டு', கேஷ்வேரியபிள்ஸில் கம்பைலர் பெயர், பில்டு வகை 'டீபக்', எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ் 'ஆன்'. டெர்மினலில் 'சிமேக் --பிரீசெட் டெவ்'. விஎஸ் கோடு, விஷுவல் ஸ்டூடியோ, சிலயன், க்யூடி கிரியேட்டர் நாலும் இதே ஃபைலைப் படிக்கும். எடிட்டருக்கு ஒரு கட்டளை, டெர்மினலுக்கு ஒரு கட்டளை என்ற பிளவே இருக்காது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்: 'சிமேக் --பில்டு --பிரீசெட் டெவ்' என்றால் 'அப்படியொரு பில்டு பிரீசெட் இல்லை' என்று வரும். கன்ஃபிகர் பிரீசெட் வேறு, பில்டு பிரீசெட் வேறு. பில்டுபிரீசெட்ஸ் கீழும் 'டெவ்' என்று ஓர் உள்ளீடு வைத்து, அதன் கன்ஃபிகர்பிரீசெட் சாவியில் 'டெவ்' என்று எழுதணும்.

உங்கள் மெஷினுக்கு மட்டுமான விஷயம் சிமேக்யூசர்பிரீசெட்ஸ்.ஜேசனில். அதை கிட்டில் சேர்க்காதீங்க. பொது ஃபைலிலுள்ள பெயரையே இதிலும் வைத்தால் எரர். இன்ஹெரிட்ஸ் போட்டு வேறு பெயர் வையுங்க.

இந்த ஜேசனில் கமென்ட் எழுத முடியாது. 3.31-ல் வந்த பதிப்பு 10-ல்தான் டாலர் குறியோடு 'கமென்ட்' சாவி கொடுத்தார்கள். ஒரு கமென்டுக்காக எல்லோரையும் 3.31-க்கு ஏற்றுவது என் ருசிக்குக் கொஞ்சம் அதிகம்.

விண்டோஸ்_பக்கம் · 5 மார்ச் 2025, காலை 9:30

மேலே உள்ள பிரீசெட்டை விண்டோஸில் அப்படியே ஓட்டினால் மைக்ரோசாஃப்டின் சிஎல் கம்பைலரைக் காணோம் என்று நிற்கும். விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டர் தன் கம்பைலரைத் தானே தேடிக்கொள்ளும், நிஞ்ஜா தேடாது. டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து ஓட்டணும், அல்லது கம்பைலருக்கான சூழலை அமைக்கும் விசிவார்ஸ் ஸ்கிரிப்டை முதலில் ஓட்டணும்.

எடிட்டருக்குள்ளிருந்து ஓட்ட, பிரீசெட்டில் 'ஆர்க்கிடெக்சர்' சாவியில் மதிப்பு 'எக்ஸ்64', ஸ்ட்ராட்டஜி 'எக்ஸ்டர்னல்' என்று கொடுங்க. எக்ஸ்டர்னல் என்றால் சிமேக் அந்த மதிப்பைத் தொடாது. அதைப் பார்த்து விஷுவல் ஸ்டூடியோவும் சிமேக் டூல்ஸும் விசிவார்ஸ் சூழலை அமைத்துவிட்டு சிமேக்கைக் கூப்பிடும். எக்ஸ்டர்னல் போடாமல் விட்டால், ஆர்க்கிடெக்சர் எனக்குத் தெரியாது என்று நிஞ்ஜா ஜெனரேட்டர் எரர் கொடுக்கும்.

ஸ்லன் (விஷுவல் ஸ்டூடியோவின் சொல்யூஷன்) ஃபைல் உண்டாக்கும் பழக்கத்தையும் விடலாம். விஷுவல் ஸ்டூடியோ 2017 முதலே ஃபோல்டரைத் திறந்தால் சிமேக்கை நேராகப் படிக்கும். ஸ்லன் வைத்திருந்தால் சிமேக்லிஸ்ட்ஸ் மாறும்போதெல்லாம் 'பிராஜெக்ட் வெளியே மாறிவிட்டது, ரீலோட் செய்யவா' என்று வரும் பெட்டியோடு வாழ்ந்துகொள்ளுங்கள்.

ஜெனரேட்டரை மாற்றும்போது பழைய பில்டு ஃபோல்டரிலேயே ஓட்டாதீங்க, 'முன்பு பயன்படுத்திய ஜெனரேட்டரோடு பொருந்தவில்லை' என்று வரும். இதற்கு மட்டும் ஃபோல்டரை அழிக்கலாம். 3.24 முதல் '--ஃப்ரெஷ்' ஃபிளாக் போதும். அது கேஷையும் சிமேக்ஃபைல்ஸ் ஃபோல்டரையும் எறியும், அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப்ஜெக்டும் போய்விடும்.

பழைய_மேக்ஃபைல் · 5 மார்ச், 11:15

நிஞ்ஜா மல்ட்டி-கன்ஃபிக் பக்கம் யாராவது போகும் முன்: அதில் ஒரே ஜேசனுக்குள் டீபக், ரிலீஸ் என்று ஒவ்வொரு கன்ஃபிகுக்கும் ஒரே ஃபைலின் உள்ளீடு இருக்கும். எடிட்டர் எதை எடுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எடிட்டருக்கென்று ஒற்றை கன்ஃபிக் நிஞ்ஜா ஃபோல்டர் வைத்துக்கொள்வது நிம்மதி.

அந்த ஃபோல்டரில் சிமேக்_டிசேபிள்_ப்ரிகம்பைல்_ஹெடர்ஸ் ஆன், யூனிட்டி பில்டு (பல ஃபைல்களை ஒன்றாக ஒட்டி கம்பைல் செய்வது) ஆஃப். பிசிஎச் (முன்கூட்டியே கம்பைல் செய்த ஹெடர்) இருந்தால் கட்டளை வரியில் அந்த பிசிஎச் ஃபைலும் வரும், அதை உண்டாக்கிய கிளாங்கும் உங்கள் கிளாங்டியும் வேறு பதிப்பு என்றால் கிளாங்டி படிக்க மறுக்கும். யூனிட்டியில், ஒரு ஃபைலில் விட்டுப்போன இன்க்ளூடை பக்கத்து ஃபைல் மறைத்துவிடும்; எடிட்டர் கோடு போடும், பில்டு போடாது, யாரை நம்புவது என்று தெரியாது. எடிட்டரை நம்புங்க.

சி++20 மாட்யூல் வைத்திருந்தால் கம்பைல் கட்டளையில் மாட்மேப் என்று ஒரு ஃபைல் பெயர் வரும். அது பில்டின்போதுதான் பிறக்கும். கன்ஃபிகர் மட்டும் செய்துவிட்டு எடிட்டரைத் திறந்தால் அந்த ஃபைல் இல்லை என்று கிளாங்டி புலம்பும். ஒரு தடவை பில்டு செய்யுங்க.

புதுக்கிளை · 5 மார்ச், மதியம் 2:40

ப்ரோட்டோபஃப் (.ப்ரோட்டோ ஃபைலிலிருந்து உண்டாகும்) ஹெடரும் அதே மாதிரிதானா? 14 ஃபைலில் .பிபி.ஹெச் இல்லைன்னு சொல்லுது.

பழைய_மேக்ஃபைல் · 5 மார்ச், 3:05

அதே குடும்பம். ஹெடர் உண்டாவது பில்டில், கன்ஃபிகரில் இல்லை. முழு பில்டு வேண்டாம் என்றால், ப்ரோட்டோ உண்டாக்கும் டார்கெட்டை மட்டும் '--டார்கெட்' கொடுத்து ஓட்டுங்க. 3.31-ல் இதற்கென்றே 'கோட்ஜென்' என்ற டார்கெட் வந்திருக்கு, மேக்ஃபைல், நிஞ்ஜா ரெண்டிலும். ஆட்_கஸ்டம்_கமாண்டில் கோட்ஜென் என்று குறித்தவை மட்டும் ஓடும், சிஎம்பி0171 பாலிசி நியூவாக இருக்கணும். கிட் புல் செய்தபின் எடிட்டர் ஒரு டாஸ்க் ஓட்டணும் என்றால் ஓட்ட வேண்டியது இதுதான், கன்ஃபிகர் இல்லை.

அதற்கும் அடங்காவிட்டால் 'கிளாங்டி --செக்=ஃபைல்' டெர்மினலில் ஓட்டிப் பாருங்க. எந்த ஜேசனை எடுத்தது, என்ன கட்டளை, எங்கே விழுந்தது, எல்லாம் கொட்டும். ஆர்ம் மாதிரி கிராஸ் கம்பைலர் என்றால் '--க்வெரி-டிரைவர்' கொடுத்து அந்தக் கம்பைலரின் பாதையை அனுமதிக்கணும். இல்லாவிட்டால் அதன் உள் ஹெடர்கள் எங்கே என்று கிளாங்டி கேட்காது, எஸ்டிடிஐஓ-வே இல்லை என்று சொல்லும்.

விம்_பக்கம் · 6 மார்ச் 2025, காலை 10:00

சிமேக் இல்லாதவங்க இந்தப் பக்கம் வந்தால்: மெசான் கேட்காமலே ஜேசன் எழுதிடும். எக்ஸ்மேக்கில் 'எக்ஸ்மேக் ப்ராஜெக்ட் -கே கம்பைல்_கமாண்ட்ஸ்'. ஸ்கான்ஸ் 4.0-லிருந்து கம்பைலேஷன்_டிபி என்ற டூல். ஜிஎன்-இல் '--எக்ஸ்போர்ட்-கம்பைல்-கமாண்ட்ஸ்'. ப்ரீமேக்கில் தனி மாட்யூல் சேர்க்கணும். வெறும் மேக்ஃபைல் என்றால் 'பேர்' என்ற கருவி: 'பேர் -- மேக்'. பழைய 2-ஆம் பதிப்பில் நடுவில் அந்த ரெண்டு கோடு இருக்காது. பேர் ஓடும் கம்பைலரை ஒட்டுக்கேட்டுத்தான் எழுதும், அதனால் 'மேக் க்ளீன்' செய்துவிட்டு ஓட்டுங்க. எல்லாம் ஏற்கெனவே பில்டு ஆகியிருந்தால் வெற்று ஜேசன்தான் கிடைக்கும்.

புதுக்கிளை · 6 மார்ச், 12:15

டார்கெட் பட்டியலை எடுத்து ஒரு மெனு போட ஆசை. 'சிமேக் --பில்டு பில்டு --டார்கெட் ஹெல்ப்' வெளியீட்டைப் பிரித்தால் போதுமா?

பழைய_மேக்ஃபைல் · 6 மார்ச், 1:30

வேண்டாம், ஜெனரேட்டருக்கு ஜெனரேட்டர் வடிவம் மாறும். ஃபைல் ஏபிஐ-யை எடுங்க, 3.14 முதல் இருக்கு. அதற்கு முன்னால் சர்வர் மோட் என்று ஒன்று இருந்தது, 3.20-ல் தூக்கிவிட்டார்கள், வலையில் கிடைக்கும் பழைய பிளக்கின்கள் பல அதை நம்பி எழுதியவை.

செய்முறை: பில்டு ஃபோல்டருக்குள் .சிமேக், ஏபிஐ, வி1, க்வெரி என்ற வரிசையில் ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் 'கோட்மாடல்-வி2' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல். உள்ளே ஒன்றும் எழுத வேண்டாம், பெயர்தான் கேள்வி. அடுத்து சிமேக் ஓடும்போது க்வெரிக்குப் பக்கத்தில் 'ரிப்ளை' ஃபோல்டர் பிறக்கும். அதில் 'இண்டெக்ஸ்-' என்று தொடங்கும் ஜேசன்களில், அகரவரிசையில் கடைசியாக வருவதை மட்டும் படிக்கணும். மற்ற ஃபைல்களின் பெயர் அதற்குள் இருக்கும், நீங்களாக ஊகித்துத் திறக்கக் கூடாது. கோட்மாடலில் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் ஒரு ஃபைல். டைப் 'எக்ஸிகியூட்டபிள்' என்றால் 'ஆர்ட்டிஃபேக்ட்ஸ்' சாவியில் பாதை இருக்கும். டீபக்கருக்குக் கொடுக்க வேண்டியது அதுதான்.

கேள்வி ஃபைல் அங்கேயே கிடக்கட்டும். நிஞ்ஜா தானாகச் சிமேக்கை ஓட்டும்போதும் ரிப்ளை புதுப்பிக்கப்படும். உங்கள் மெனு ரிப்ளை ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

'கோட்பிளாக்ஸ் - நிஞ்ஜா', 'எக்லிப்ஸ் சிடிடி4' போன்ற கூடுதல் ஜெனரேட்டர்களை 3.27-ல் கைவிடப்பட்டவை என்று அறிவித்ததும் இதனால்தான் பொருத்தமாகப் படுகிறது. எடிட்டருக்கு பிராஜெக்ட் ஃபைல் எழுதிக் கொடுக்கும் காலம் போய், எடிட்டர் வந்து கேட்டுக்கொள்ளும் காலம்.

விண்டோஸ்_பக்கம் · 2 ஏப்ரல் 2025, காலை 9:05

இழையைக் கிளப்புகிறேன். சிமேக் 4.0 வந்ததிலிருந்து எடிட்டரைத் திறந்ததுமே கன்ஃபிகர் விழுதா? 3.5-க்குக் கீழான குறைந்தபட்சப் பதிப்பைச் சொல்லும் சிமேக்லிஸ்ட்ஸை அது ஏற்காது. பெரும்பாலும் உங்கள் ஃபைல் இல்லை, உள்ளே இழுத்து வைத்த பழைய லைப்ரரியின் ஃபைல். தற்காலிகமாக சிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம் = 3.5 என்று பிரீசெட்டின் கேஷ்வேரியபிள்ஸில் கொடுங்க. எடிட்டர் செட்டிங்கில் கொடுத்தால் டெர்மினலில் விழும்.

புதுக்கிளை · 2 ஏப்ரல், 7:50

ஆமா, ரெண்டு லைப்ரரி அப்படி இருந்தது. ஸ்கிரிப்டை எடுத்தாச்சு, பிரீசெட் மட்டும்தான் இப்போ. கன்ஃபிகர்ஆன்எடிட்டும் ஆஃப். இன்னைக்கு ஒரு ஃபைலை நீக்கினேன், 'மிஸ்ஸிங் அண்ட் நோ நோன் ரூல் டு மேக் இட்' என்று நிஞ்ஜா நிக்குது. சிமேக்லிஸ்ட்ஸில் அந்தப் பெயரே இல்லை.

பழைய_மேக்ஃபைல் · 2 ஏப்ரல், 8:15

ஃபைல்(குளோப்) (ஃபோல்டரிலுள்ள ஃபைல்களைத் தானாகப் பட்டியலிடும் வரி) வைத்திருக்கீங்க. பட்டியல் கன்ஃபிகரில் எடுத்தது, ஃபோல்டரில் ஃபைல் போனது சிமேக்குக்குத் தெரியாது. சிமேக்லிஸ்ட்ஸ் மாறவில்லை, அதனால் நிஞ்ஜாவும் சிமேக்கைக் கூப்பிடவில்லை. இப்போதைக்குச் சிமேக்லிஸ்ட்ஸை ஒரு டச். குளோப் வரியில் கன்ஃபிகர்_டிபென்ட்ஸ் சேர்த்தால் (3.12 முதல்) ஒவ்வொரு பில்டுக்கும் முன்னால் பட்டியலைத் திரும்பச் சரிபார்க்கும். 400 ஃபைலுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஃபைல் பெயர்களைக் கையால் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும்: அப்போது நீக்கியதும் சிமேக்லிஸ்ட்ஸைத் தொட்டே ஆகணும், ரீஜெனரேஷன் தானாக வரும்.

புதுக்கிளை · 2 ஏப்ரல், 8:31

டச் போட்டேன், ஓடுது. கையால் எழுத நாளைக்கு உட்காரணும்.